சேதாரமில்லாத பேட்டரி

மெஹபூப் பாஷாவின் வீட்டுச் சுவரில் ஒரு பேட்டரி மாட்டியிருந்தது. அதன் வயிறு நிறைய மின்சாரம் இருந்தது. அதில் ஒரு துளியைத் தொட்டாலும் பறிமுதல் என்று விதி இருந்தது. ஆகவே கரண்டு போகும்போதெல்லாம் பாஷாவும் மனைவி ஷகீலாவும் மகள் சிம்ராவும் அதன் எதிரே உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டார்கள். நிரம்பியிருக்கிறேன் என்று சொல்வதற்காகப் பேட்டரியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் எரியும் ஒரே விளக்கும் அதுதான்.

பாஷா அதை ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு, சந்து முனையில் சோபாவுக்கு ரெக்ஸின் மாற்றும் கடை என்று இருப்பவருக்கு ஆடம்பரம் எங்கிருந்து வரும்? இரண்டாம் வகுப்பு படிக்கும் சிம்ராவுக்கு வீசிங். மழைக்காலம் வந்தால் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் வரும். நெபுலைசரில் மருந்தை ஊற்றி, முகத்தில் மாஸ்க்கை மாட்டிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் அடங்கும். நெபுலைசர் ஓடக் கரண்டு வேண்டும். அந்தச் சந்தில் மழைக்கும் கரண்டுக்கும் ஒருநாளும் ஆகாது.

போன வருஷ மழையில் அப்படித்தான் ஆயிற்று. கரண்டு போய், ஆட்டோவும் கிடைக்காமல், முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிவரை பாஷா நடந்தார். அவள் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து எடுத்தது அவர் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அதன்பிறகு வானம் கறுத்தாலே ஆணி அடித்துக்கொண்டிருப்பவர் சுத்தியலோடு வெளியே வந்து மேலே பார்ப்பார். உள்ளே போவார். நாலு ஆணி அடிப்பதற்குள் மறுபடி வெளியே வருவார். “மானத்துல இன்னா பாய் தேடிக்கினு கீறே?” என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

ஷகீலாவின் தம்பி தௌஃபீக் ஆதம்பாக்கத்தில் சோலார் மாட்டும் வேலை செய்கிறவன். அவன்தான் வழி சொன்னான். சீட்டுப் பணத்தை எடுத்தார்கள். மொட்டைமாடியில் பேனல் ஏறியது, கூடத்துச் சுவரில் பேட்டரி உட்கார்ந்தது. “இனிமே மழை பேஞ்சி ஊரே இருட்டானாலும் நெபுலைசர் ஓடும் மாமா” என்றான் தௌஃபீக். அன்றைக்குச் சாயங்காலம் பாஷா ஒருதடவைகூட வானத்தைப் பார்க்காமல் ஒரு முழு டீ குடித்தார்.

மறுநாள் வாரியம் வந்தது.

தென்சென்னை இல்ல மின்சேமிப்புத் திறன் வாரியம் என்பது அதன் முழுப் பெயர். தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்புறம் நாலு மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. வீட்டு பேட்டரியில் போட்ட மின்சாரத்தை ஜனங்கள் வீணாக்காமல் திரும்ப எடுக்கிறார்களா என்று பார்ப்பது அதன் வேலை. பார்த்து முடிக்கும்வரை யாரும் எடுக்கக்கூடாது என்பது அதன் விதி.

வந்தவர் கள ஆய்வாளர் சுப்பராமன். ஒல்லியான மனிதர், தோளில் கனமான பை. பேட்டரியை நிரப்பி, பிறகு காலி செய்து, எவ்வளவு போயிற்று எவ்வளவு வந்தது என்று அளக்க வேண்டும் என்றார். “காலி பண்றதுக்கு ஒரு நிலையான சுமை வேணும். நடுவுல நிக்காம இழுத்துண்டே இருக்கணும். உங்காத்துல என்ன இருக்கு?”

“கிரைண்டர் கீது சார்” என்றார் பாஷா.

“பேஷ்” என்றார் சுப்பராமன்.

ஷகீலா காலையில் கிரைண்டரைப் போட்டாள். வெறும் கல்லாக ஓடினால் தேய்ந்துவிடுமே என்று அரிசி போட்டாள். அரிசி அரைந்துவிட்டது, பேட்டரி தீரவில்லை. உளுந்து போட்டாள். கடைக்கு ஆள் அனுப்பி மறுபடி அரிசி வாங்கினாள். பக்கத்து வீட்டு ஸ்வர்ணலதா தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கொட்டினாள். சாயங்காலம் பேட்டரி காலியானபோது சந்து முழுக்க எல்லா வீட்டுப் பாத்திரத்திலும் மாவு இருந்தது. அந்த வாரம் கச்சேரி ரோட்டின் அந்தப் பக்கத்தில் இட்லியைத் தவிர வேறெதுவும் யாரும் சாப்பிடவில்லை. சுப்பராமனும் ஒரு தூக்கு வாங்கிக்கொண்டார்.

பிறகு கணக்குப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “உள்ள போட்டது நூறு. வெளில வந்தது தொண்ணூறு. மீதி பத்து எங்கே?”

பாஷா திருதிருவென்று விழித்தார். “நான் எடுக்கல சார்.” மனைவியைப் பார்த்தார்.

“என்னை எதுக்குப் பாக்கறீங்க? நானும் எடுக்கல” என்றாள் ஷகீலா.

“விளக்கம் வர்ற வரைக்கும் முத்திரை வெச்சாகணும்” என்றார் சுப்பராமன். பேட்டரியை மறுபடி நிரப்பி, நிரம்பிய நிலையில் முத்திரை வைப்பதுதான் முறையாம். பையிலிருந்து ஒரு சட்டியை எடுத்தார். மின்சாரத்தில் அரக்கு உருக்கும் சட்டி. பேட்டரி பக்கத்தில் தீப்பெட்டி, மெழுகுவத்தி எதுவும் ஆகாது என்பதால் வாரியமே தனியாகச் செய்ய வைத்தது. வெளியில் உருக்கி எடுத்து வரவும் கூடாது, அரக்கு சம்பந்தப்பட்ட வீட்டிலேயே உருக வேண்டும். அன்றைக்கு ஊரில் கரண்டு இருந்தது, பிளக்கைச் செருகினார். அரக்கு உருகியதும் பேட்டரியின் கைப்பிடியை இறக்கி அணைத்தார். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு பக்க உறுதிமொழியை வாசித்தார். “இம்மின்கலத்தின் உள்ளிருப்பது உள்ளேயும், வெளியிருப்பது வெளியேயும், வாரியத்தின் மறு உத்தரவு வரும்வரை அவ்வவ்வாறே இருக்கக் கடவதாக” என்று தொடங்கி அது நெடுநேரம் போயிற்று. அதன்பிறகு கைப்பிடியில் நூலைச் சுற்றி, அரக்கை ஊற்றி, பித்தளை முத்திரையால் அழுத்தினார்.

“முதல்ல அணைக்கணும், அப்புறம் உறுதிமொழி, அப்புறம் அரக்கு. வரிசை மாறினா முத்திரை செல்லாது” என்று பெருமையாகச் சொன்னார். முத்திரையை யாராவது உடைத்தால் பேட்டரி வாரியத்துக்குச் சொந்தம் என்பதையும் சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து பாஷா வாரியத்துக்கு நடையாய் நடந்தார். அங்கே எல்லா ஜன்னலும் திறந்திருக்கும், எல்லா ஏசியும் ஓடும். ஜன்னலை மூடினால் காற்று வராது, ஏசியை நிறுத்தினால் கோப்புகள் பூசணம் பிடிக்கும் என்று காரணம் சொன்னார்கள். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேட்டரிக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். வாரியத்தின் சொந்த பேட்டரி. எதோடும் இணைக்கவில்லை.

“அந்தப் பத்து எங்க போச்சுன்னு கேட்டீங்களா சார்?” என்றாள் கவுண்ட்டரில் இருந்த சந்திரிகா.

“மச்சானைக் கேட்டேன் மேடம். நகைக்கடையில சேதாரம்னு போடறாங்கல்ல, அந்த மாதிரியாம். எந்த பேட்டரின்னாலும் கொஞ்சம் சூடா போயிடுமாம்.”

“சூடா போச்சுன்னா, எங்க போச்சு?”

பாஷா யோசித்தார். “செவுத்துக்குத்தான் போயிருக்கும்.”

“செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரு?”

“ஸ்வர்ணலதா அம்மா.”

“அப்போ உங்க சூட்டைப் பெற்றுக்கொண்டேன், ஆட்சேபணை இல்லைன்னு அவங்க கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

ஸ்வர்ணலதா இதைக் கேட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எங்க வூட்டு செவுரு ஜில்லுன்னு கீது, நீயே வந்து தொட்டுப் பாரு பாய். வாங்காத சூட்டுக்கு நான் எதுக்கு கையெழுத்து போடணும்? நாளைக்கு அதுக்கும் பில்லு போடுவான். மாவு வேணும்னா கேளு, அரைச்சித் தரேன்.”

ஐப்பசி பிறந்தது. பகலெல்லாம் மொட்டைமாடிப் பேனல் வெயிலில் காய்ந்தது. அது தயாரித்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை. பாஷாவுக்கும் எங்கே போவதென்று தெரியவில்லை. கடையில் கை ஓடவில்லை, ஒரு டாக்டர் வீட்டு சோபாவுக்கு முதுகு ரெக்ஸினை உட்காரும் இடத்தில் அடித்துவிட்டார். ஒருநாள் துணிந்து இயக்குநர் ராஜரத்தினத்தின் அறைக்குள்ளேயே நுழைந்தார்.

“சார், என் கொழந்தைக்கு மூச்சு வுட முடியாது சார். மழை வரப்போவுது. பத்து போனா போவட்டும் சார், தொண்ணூறு கீதே, அது போதும் எனக்கு.”

ராஜரத்தினம் கருணையோடு சிரித்தார். “உட்காருங்க. நீங்க ஒரு தகப்பனா பேசறீங்க, எனக்குப் புரியுது. ஆனா குழந்தை எங்க வரம்புக்குள்ள வராது. மின்கலம்தான் வரும். குழந்தைக்காக மின்கலம்னு நீங்க நினைக்கறீங்க. நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். அப்படி ஒரு குறிப்பை எந்தச் சட்டத்துலயும் நான் படிச்சதில்ல.”

பாஷா வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். கிழக்கே கறுத்திருந்தது.

இதற்கு நடுவில் வாராவாரம் வாரியத்திலிருந்து ஒருவர் வந்து பேட்டரியைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். உள்ளே போனது, இல்லை. வெளியே வந்தது, இல்லை. இழப்பு, இல்லை. பச்சை விளக்கு, எரிகிறது. தலைமையகத்தில் எல்லா வீட்டுக் கணக்கையும் கூட்டிப் பார்த்தபோது அதிகாரிகள் அசந்துபோனார்கள். எப்படியோ விளக்கம் கொடுத்து பேட்டரியை உபயோகிக்கும் வீடுகளில் எல்லாம் இழப்பு இருந்தது. கச்சேரி ரோட்டுச் சந்தில் ஒரு குடும்பம் மட்டும் ஒரு துளிகூட இழக்காமல் மின்சாரத்தைக் கட்டிக் காத்திருந்தது.

சந்திரிகா போன் செய்தாள். “பாஷா சார், கங்கிராட்ஸ்! இந்த வருஷம் சிறந்த திறனாளர் விருது உங்களுக்குத்தான்.”

“அப்போ முத்திரையை எடுத்துடுவீங்களா மேடம்?”

“அய்யோ, எடுத்தா ரெக்கார்டு போயிடுமே சார்!”

பாஷா போவதில்லை என்றார். ஷகீலா விடவில்லை. “போங்க. மேடையில மைக் குடுப்பாங்கல்ல, அதுல கேளுங்க. நாலு பேரு எதிர்ல கேட்டா பதில் சொல்லித்தான ஆவணும்?” அது சரியாகப் பட்டது. பெருநாளுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

விழா அன்று வங்காள விரிகுடாவில் புயல் சின்னம். மதியத்திலிருந்தே மழை ஊற்றியது. வாரியத்தின் மாடி அரங்கில் பாஷாவுக்குப் பொன்னாடை போர்த்தி, கண்ணாடியில் செய்த ஒரு சின்ன பேட்டரியைக் கையில் கொடுத்தார்கள். ராஜரத்தினம் பேச எழுந்தார். அவர் வாயைத் திறந்ததும் விளக்குகள் அணைந்தன. உடனே கீழே டீசல் ஜெனரேட்டர் கட்டடம் அதிரக் குமுறியது, ஜன்னல் வழியாகப் புகை வந்தது, விளக்குகள் எரிந்தன. பாஷாவைத் தவிர யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தி.நகரில் போன கரண்டு மயிலாப்பூரில் மட்டும் இருக்குமா என்று அவர் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அன்பர்களே!” என்றார் ராஜரத்தினம். “மின்கலத்தில் இழப்பு ஏன் ஏற்படுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நம் வாரியம் இரண்டு முறை வெளிநாடு சென்று வந்தது. விடை நம் மயிலாப்பூரிலேயே இருந்தது. இழப்புக்குக் காரணம் பயன்பாடு! பயன்படுத்துகிறவன் இழக்கிறான். பயன்படுத்தாதவன் காக்கிறான். திருவாளர் பாஷா எத்தனையோ முறை இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். வியர்த்திருக்கிறார். சுவரில் அத்தனை மின்சாரம் இருந்தும் அதன்மேல் கை வைக்கவில்லை. இந்த மனஉறுதியைத் தென்சென்னையின் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு செல்வோம். அடுத்த ஆண்டுக்குள் எல்லா வீட்டு மின்கலத்துக்கும் முத்திரை! அதுவே நம் இலக்கு!”

கைதட்டல் அடங்கியதும் ஏற்புரைக்காக பாஷா கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். “சார், எல்லார் முன்னாடியும் ஒண்ணு கேக்கறேன்...” அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. ஷகீலா. ஒரு கையில் மைக், ஒரு கையில் கண்ணாடி பேட்டரி. கண்ணாடி பேட்டரியை இயக்குநரின் மடியில் வைத்துவிட்டு போனை எடுத்தார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார், மைக்கையும் வாய்க்கு நேரே பிடித்திருந்தார்.

“ஏங்க!” அரங்கு முழுக்க ஷகீலாவின் குரல் ஒலித்தது. “கரண்டு போய் ரொம்ப நேரமாச்சுங்க. சிம்ராவுக்கு இழுக்குது. சந்துல தண்ணி நிக்குது, ஆட்டோ வரமாட்டேங்குது. ஒதடு நீலமாவுதுங்க, நான் இன்னா செய்யட்டும்?”

அவள் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. போன வருஷம் அவர் தோளில் கேட்ட அதே இழுப்பு. இப்போது நாலு ஸ்பீக்கரில் கேட்டது. பாஷாவுக்கு அதன்பிறகு இயக்குநரும் தெரியவில்லை, விதியும் தெரியவில்லை.

“ஒடைச்சிடு!” என்று கத்தினார். “ரெக்ஸின் வெட்டற கத்திரி அலமாரி மேல கீது பாரு. அரக்கை ஒடைச்சி கைப்பிடியைத் தூக்கு! பேட்டரி போனா மயிராச்சு!”

முன்வரிசையில் யாரோ ‘ஐயோ, இழப்பு’ என்று முனகினார்கள். அரக்கு உடையும் சத்தம் கேட்டது. கைப்பிடி டக்கென்று ஏறியது. பிறகு நெபுலைசரின் மோட்டார் டுர்ரென்று ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு தணிந்து, ஒரு சின்னக் குரல் மாஸ்க்குக்குள்ளிருந்து “அப்பா எங்க?” என்று கேட்டது. பாஷா மேடையிலேயே அழுதார். பிறகு பொன்னாடையோடு இறங்கி மழைக்குள் ஓடினார்.

“விருதாளர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்” என்று ராஜரத்தினம் அறிவித்தார். “விருது ரத்து செய்யப்படுகிறது. தேநீர் உண்டு.”

மறுநாள் காலை மழை விடவில்லை, சந்தில் கரண்டும் வரவில்லை. சுப்பராமன் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தண்ணீரில் வந்தார். பையில் பறிமுதல் உத்தரவு இருந்தது. கூடத்தில் ஃபேன் சுற்றியது, சிம்ரா அதன்கீழ் அசந்து தூங்கினாள். பாஷா பேட்டரியின் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவு தட்டும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று எழுந்து நின்று கால் ஓய்ந்து போயிருந்தது.

“எடுத்துக்கினு போவப் போறீங்களா சார்?” என்றார்.

“விதி பாஷா. என்ன பண்றது சொல்லுங்கோ” என்றார் சுப்பராமன் தரையைப் பார்த்தபடி. “ஆனா அப்படியே கழட்டிண்டு போகப்படாது. முத்திரை வெச்ச மின்கலத்தைத்தான் வாரிய வண்டில ஏத்தலாம்.”

அரக்குச் சட்டியை எடுத்தார். பிளக்கைச் செருக இடம் தேடினார். ஊரிலேயே கரண்டு இல்லை. அந்த வீட்டில் கரண்டு இருந்தது அந்த பேட்டரியில் மட்டும்தான். அதிலேயே செருகினார். அரக்கு உருகியது. கைப்பிடியை இறக்கினார். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, சட்டியும் அணைந்தது. மழை இருட்டில் போன் வெளிச்சத்தில் உறுதிமொழியை ஆரம்பித்தார். இரண்டாவது பக்கம் திரும்பும்போது அரக்கு கல்லாகிவிட்டது. கைப்பிடியைத் தூக்கி மறுபடி உருக்கினார். மறுபடி இறக்கினார். இந்தத் தடவை வேகமாக வாசித்துப் பார்த்தார். அரக்கு அவரைவிட வேகமாக இறுகியது.

பாஷா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கைப்பிடி ஏறினால் அவருக்கு மூச்சு வந்தது, இறங்கினால் நின்றது. “அரக்கை மொதல்ல ஊத்திட்டு அப்புறம் படிச்சா ஆவாதா?” என்று ஷகீலா கேட்டாள். பாஷா அவளை முறைத்தார்.

“வரிசை மாறப்படாது” என்றார் சுப்பராமன் வியர்வையைத் துடைத்தபடி. நாலைந்து தடவை ஆனதும் இயக்குநருக்குப் போன் செய்தார். “சார், முத்திரை வைக்க முடியல. நடுநடுவுல சட்டிக்குக் கரண்டு போயிடறது.”

ராஜரத்தினத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “கரண்டு போகிறதா? யார் துண்டிப்பது? இது வாரியப் பணிக்கு இடையூறு! சட்டி எதில் இணைந்திருக்கிறது?”

“இவாத்து பேட்டரில சார்.”

“அப்படியானால் அந்த மின்கலம் இப்போது வாரியப் பணியில் இருக்கிறது. முத்திரை வைத்து முடிக்கும்வரை அதை யாரும் அணைக்கக்கூடாது. நீங்களும்தான்! எழுதி ஒட்டுங்கள்!”

“சார், அணைச்சாத்தானே முத்திரை...” என்று சுப்பராமன் ஆரம்பித்தார். லைன் துண்டாகிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்த்தார். பிறகு ஃபேனுக்குக் கீழே தூங்கும் சிம்ராவைப் பார்த்தார். உத்தரவு உத்தரவுதான். பையிலிருந்து வாரியத் தாளை எடுத்து, ‘வாரியப் பணியில் உள்ளது. முத்திரையிடும்வரை அணைக்கக்கூடாது’ என்று எழுதி, முத்திரையும் குத்தி, பேட்டரியின் நெற்றியில் ஒட்டினார்.

“சட்டி இங்கயே இருக்கட்டும்” என்றார் செருப்பைத் தேடியபடி. “சுட வெச்சுண்டே இருங்கோ. பணி நடந்துண்டிருக்கு.”

வாரியம் இதுவரை போட்ட உத்தரவு எதையும் திரும்பப் பெற்றதில்லை. கரண்டு வந்த பிறகும் அந்தத் தாள் பேட்டரியின்மேல் அப்படியே இருக்கிறது, சட்டியும் மூலையில் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் வீணாகப் போகிறது. அது சேதாரம் என்று ஷகீலா சொல்கிறாள்.

அன்றைக்கு சுப்பராமன் போன சற்று நேரத்தில் மழை வலுத்தது. ஷகீலா டீ கொண்டுவந்து கொடுத்தாள். தலைக்கு மேலே இடி இடித்து ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பாஷா டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.